தவில்காரருக்கு ஏழு எண்ணத் தெரியும்

முத்துசுவாமி தீட்சிதர் திருவண்ணாமலைக்கு என்ன கொடுத்தார் என்று கேட்டால், சங்கீதம் தெரிந்தவர்கள் டக்கென்று ‘அருணாசலநாதம்’ என்பார்கள். சாரங்கா ராகம், ரூபக தாளம். பஞ்சபூத ஸ்தலங்களுக்கு ஆளுக்கொன்றாக அவர் செய்துவைத்த கிருதிகளில் நெருப்புக்கு உரியது. கச்சேரியில் யாராவது இதை நிதானமாக எடுத்தால், அண்ணாமலையார் கோயில் பெரிய நந்தியைத் தாண்டி உள்ளே போகிறபோது வருமே ஒரு குளுமை, அது வரும்.

அதே தீட்சிதர் இன்னொரு காரியமும் செய்திருக்கிறார். சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் குடும்பத்தோடு இருந்த காலம். கிழக்கிந்திய கம்பெனிக்காரர்களின் பேண்டு வாத்தியம் காதில் விழுகிறது. வெள்ளைக்காரன் சங்கீதம். கமகம் கிடையாது. ஆலாபனை கிடையாது. டம் டம் என்று நடக்கும், நிற்கும். சாஸ்திரிய சங்கீதத்தில் ஊறிய ஒரு மனுஷர் என்ன செய்திருக்க வேண்டும்? ‘சிவ சிவா’ என்று காதைப் பொத்திக்கொண்டு ஸ்நானம் பண்ணப் போயிருக்க வேண்டும். அவர் உட்கார்ந்து கேட்டார். அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதினார். சுமார் நாற்பது உருப்படிகள். எல்லாம் சங்கராபரணம். ‘நோட்டு ஸ்வரம்’ என்று பெயர். அதில் ஒன்று, ‘ஸந்ததம் பாஹிமாம்’, பிரிட்டிஷ் ராஜகீதத்தின் அச்சு அசல் மெட்டு. ராஜாவைக் காப்பாற்றச் சொல்லும் மெட்டில் அம்பாளைக் காப்பாற்றச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார் மனுஷர். தம்பி பாலுசுவாமி இன்னும் ஒரு படி மேலே போய் வயலினையே கற்றுக்கொண்டு நம் சங்கீதத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்.

ஆக, கர்நாடக சங்கீதக்காரர் ஒருவர் முதல்முறையாக அந்நிய சத்தத்தைக் கேட்டு அசந்துபோவது இன்றைக்கு நேற்றைக்கு நடக்கிற விஷயம் இல்லை. இருநூறு வருஷக் கதை. இந்த வாரம் பேசப்போவது அதன் லேட்டஸ்ட் அத்தியாயம்: நம்ம ஆட்களும் ‘ப்ராக்ரஸிவ் ராக்’கும்.

*

முற்போக்கு ராக் என்று மொழிபெயர்த்தால் ஏதோ கட்சியின் இளைஞரணி மாதிரி இருக்கிறது. ப்ராக் ராக் என்றே வைத்துக்கொள்வோம்.

விஷயம் இதுதான். 1960களின் கடைசியில் இங்கிலாந்தில் சில இளைஞர்களுக்கு மூன்று நிமிஷக் காதல் பாட்டு அலுத்துப்போனது. சில பேர் முறையாகப் படித்தவர்கள். யெஸ் குழுவின் கீபோர்டுக்காரர் ரிக் வேக்மேன், லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக்கில் சேர்ந்து பாதியில் வெளியே வந்தவர். ‘சிம்ஃபனி மாதிரி நீளமா, பல பாகமா, தாளத்தை மாத்தி மாத்தி ராக் வாசிச்சா என்ன?’ என்று கிளம்பினார்கள். 1969-ல் கிங் கிரிம்ஸனின் முதல் ஆல்பம் வந்தது. 1972-ல் யெஸ், ‘க்ளோஸ் டு தி எட்ஜ்’ என்று ஒரே பாட்டை இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க வாசித்தார்கள், பதினெட்டு நிமிஷத்துக்கு மேல். அதே வருஷம் ஜெத்ரோ டல் இன்னும் ஒரு படி போய், ‘திக் அஸ் எ ப்ரிக்’ என்று தட்டின் இரண்டு பக்கத்தையும் ஒரே பாட்டால் நிரப்பினார்கள். நடுவில் தட்டைத் திருப்பிப் போடுகிற நேரத்தில்தான் மூச்சு விடலாம்.

அப்புறம் வழக்கம்போல ஆடம்பரம் தலைக்கேறியது. வேக்மேன் 1975-ல் ஆர்தர் மன்னர் கதையை லண்டன் வெம்ப்ளியில் பனிச்சறுக்கு நடனத்தோடு நடத்தினார். கவச உடை மாட்டிய வீரர்கள் ஐஸ் மேல் வழுக்கிக்கொண்டு போனார்கள். இதைப் பார்த்து வெறுத்துப்போன அடுத்த செட் பையன்கள் மூன்றே மூன்று கார்டு தெரிந்தால் போதும் என்று ‘பங்க்’ ஆரம்பித்ததில் ஆச்சரியமே இல்லை. ப்ராக் ராக்கின் மவுசு குறைந்தது. ஆனால் சாகவில்லை. உலகம் முழுக்க சங்கீதம் படித்தவர்கள் ஒரு நாள் தற்செயலாக அதைக் கேட்டு, ‘அட, ராக்ல இப்படியும் இருக்கா?’ என்று வாயைப் பிளப்பது இன்றைக்கும் நடக்கிறது.

நம்ம ஊர் ஆள் வாயைப் பிளப்பாரா? சோதித்துப் பார்த்தேன்.

*

திருவண்ணாமலையில் எனக்குத் தெரிந்த தவில் வித்வான் ஒருவர் இருக்கிறார். அறுபதைத் தாண்டியவர். பேர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். திருவிழா, கல்யாணம், காதுகுத்து என்று நாற்பது வருஷமாக வாசிப்பவர். அவர் காதில் ஹெட்போனை மாட்டி, பிங்க் ஃப்ளாய்டின் ‘மணி’யைப் போட்டேன். 1973-ல் வந்த பாட்டு.

“என்ன தம்பி, கல்லாப்பெட்டி சத்தமெல்லாம் வருது?” என்றார். அந்தப் பாட்டு அப்படித்தான் ஆரம்பிக்கும், காசு விழுகிற சத்தத்தில். பேஸ் கிடார் வந்ததும் அவர் கை தானாக முழங்காலுக்குப் போனது. நாலு ஆவர்த்தம் கூட ஆகியிருக்காது.

“ஏழு. ஆனா நம்ம சாப்பு மாதிரி மூணும் நாலுமா இல்ல, நாலும் மூணுமா போறான். பரவால்ல.”

சாக்ஸஃபோன் ஏழிலேயே வாசித்து முடித்தது. அடுத்து கிடார் தனி. முகம் சுருங்கிவிட்டது.

“ஏன் தம்பி நாலுக்கு வந்துட்டான்? ஏழுல வாசிக்க வரலியா?”

நான் சிரித்துவிட்டேன். உலகத்தில் கோடிக்கணக்கான பேர் உருகி உருகிக் கேட்ட கிடார் தனி அது. கிடார் முடிந்து பழையபடி ஏழு வந்ததும் தலையை ஆட்டினார். “வீடு வந்து சேந்துட்டான்.”

அடுத்தது யெஸ். முதல் மூன்று நிமிஷம் சந்தைக்கடை என்றார். “ஆளாளுக்கு ஒரு பக்கம் போறானுங்க. சுருதி எங்க தம்பி? ஆதார ஷட்ஜம் எது? நிக்கவே மாட்டேங்குதே.” ஹெட்போனைக் கழற்றப் போனவர், நடுவில் சத்தமெல்லாம் அடங்கி, தூரத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுகிற மாதிரி வருகிற பகுதியில் நின்றுவிட்டார். அந்த அமைதியிலிருந்து பெரிய ஆர்கன் ஒன்று கிளம்பும். கண்ணை மூடிக்கொண்டார். “இது கோயில் சத்தம்” என்றார்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்த ஆர்கன் ஸ்டுடியோவில் பதிவானது இல்லை. லண்டனில் செயின்ட் ஜைல்ஸ் என்ற பழைய தேவாலயத்தில் போய் வேக்மேன் வாசித்தது. இதை நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

மொத்தம் பதினெட்டு நிமிஷம் என்றேன். “அவ்ளோதானா?” என்றார். சாமி புறப்பாட்டில் மாட வீதியைச் சுற்றி வருவதற்குள் மல்லாரியில் ஆரம்பித்து, ராகம் வாசித்து, முக்கில் நின்று தனி வாசித்து, மணிக்கணக்கில் போகிற ஆளிடம் பதினெட்டு நிமிஷத்தைக் காட்டி அசத்தப் பார்த்தால் இதுதான் நடக்கும்.

கடைசியாக கிங் கிரிம்ஸன். 1981-ல் வந்த ‘ஃப்ரேம் பை ஃப்ரேம்’. இரண்டு கிடார் ஒரே சொல்லை வாசித்துக்கொண்டு ஒன்றாகக் கிளம்பும். ஒன்று பதினாலு எண்ணும். இன்னொன்று பதின்மூன்று. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு எண்ணிக்கை விலகி விலகிப் போய், கடைசியில் இரண்டும் ஒரே இடத்தில் வந்து விழும். மறுபடி போடச் சொன்னார். மறுபடி. மூன்றாம் தடவை விரல் விட்டு எண்ணினார்.

“இது கணக்கு தம்பி. இது மேடையில தோணினது இல்ல. உக்காந்து எழுதி, மாசக்கணக்குல சேந்து சாதகம் பண்ணியிருக்கானுங்க.”

ப்ராக் ராக் பற்றி நான் படித்த பல கட்டுரைகளைவிட இந்த வாக்கியம் எனக்கு உபயோகமாக இருந்தது.

*

அவர் சொன்னதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். நம் சங்கீதம் பழகிய காது ப்ராக் ராக்கில் எதை எளிதாக வாங்கிக்கொள்கிறது, எதில் இடறுகிறது?

தாளம் பயமுறுத்துவதில்லை. மேல்நாட்டு ரசிகனுக்கு ஏழு, ஐந்து, பதின்மூன்று எல்லாம் ஆனானப்பட்ட அதிசயம். நமக்கு அரிச்சுவடி. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நம்மிடம் தாளம் அசையாது. பல்லவி ஆரம்பித்தால் முடிகிற வரை அதே ஆவர்த்தம்தான். வித்வான் அதற்குள் நடையை மாற்றுவார், கணக்கு போடுவார், தப்பிக்கிற மாதிரி பாவனை காட்டி சமத்தில் வந்து விழுவார். ப்ராக் ராக்காரர்கள் தாளத்தையே மாற்றுகிறார்கள். கம்பத்தில் கட்டிய கயிற்றில் ஆடுவது நம் வித்தை. அவர்கள் கம்பத்தைப் பிடுங்கி வேறு இடத்தில் நடுகிறார்கள். எது உசத்தி என்பது கேள்வி இல்லை. ஆனால் ‘எங்களுக்கு எல்லாம் தெரியும், இதுல என்ன இருக்கு’ என்று நாம் காலரைத் தூக்கிக்கொள்வதற்கு முன், இது வேறு விளையாட்டு என்று புரிந்துகொள்வது நல்லது.

அடுத்தது சுருதி. இங்கேதான் நம் காது நிஜமாகத் தடுமாறும். தம்புரா ஒரு ஸா போடும். மூன்று மணி நேரம் அதே ஸாதான். ராக் கிடாரிலும் அடிப்படையான பிடி ஒன்று உண்டு, ‘பவர் கார்டு’ என்பார்கள். அதைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது ஸாவும் பாவும்தான். காந்தாரமே கிடையாது. அதாவது தம்புரா! கரகரவென்று கரண்டு ஏற்றின தம்புரா. அதனால்தான் நம் ஆட்களுக்கு ராக் கிடாரின் முதல் அடி கேட்டதுமே ஒரு சொந்தம் தோன்றுகிறது. ஆனால் அடுத்த நொடி அவன் கையை நகர்த்தி வேறு இடத்தில் ஸா–பா போடுவான். தரை நகர்ந்துவிட்டது. அதுவரை பாவாக இருந்தது இப்போது ஸாவா, இன்னும் பாவா? க்ரஹபேதம் என்று நம் வித்வான்கள் எப்போதாவது ஒரு தடவை, கைதட்டலுக்காகச் செய்கிற வித்தையை அவன் நொடிக்கு ஒரு தரம் செய்துகொண்டே போகிறான்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம்: ஒத்திகை. கர்நாடக கச்சேரியில் பெரும்பாலும் ஒத்திகை என்ற வழக்கமே கிடையாது. பாடகர் ஒரு ஊர், வயலின் ஒரு ஊர், மிருதங்கம் ஒரு ஊர். மேடையில் வந்து சேர்கிறார்கள். அந்த நிமிஷம் பிறப்பதுதான் நம் பெருமை. ப்ராக் ராக்கின் பெருமை நேர் எதிர். ஐந்து பேர் ஒரு அறையில் அடைந்துகொண்டு, சண்டை போட்டு, ஒரு துண்டை மாசக்கணக்கில் செதுக்குவார்கள். நம்மவர் கண்டுபிடித்தது இதைத்தான்.

*

நான் படித்தது பி.காம். சங்கீத விமர்சனத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள், இருக்கிறது. இரட்டைப் பதிவுக் கணக்கில் ஒரு பக்கம் பற்று எழுதினால் இன்னொரு பக்கம் வரவு இருந்தாக வேண்டும். ஃப்யூஷன் என்று எது காதில் விழுந்தாலும் நான் அந்தப் பேரேட்டைத் திறந்துவிடுவேன். இவர் என்ன கொடுத்தார், அவர் என்ன விட்டுக்கொடுத்தார்? இரண்டு பக்கமும் டேலி ஆகிறதா?

டேலி ஆன கணக்குக்கு உதாரணம், சக்தி.

ஜான் மெக்லாலின் 1970களின் தொடக்கத்தில் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா என்ற குழுவை வைத்து, ஜாஸும் ராக்கும் கலந்து, மின்சார கிடாரில் மின்னல் வேகத்தில் வாசித்துக்கொண்டிருந்தவர். ப்ராக் ரசிகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடிய ஆள். அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றுக்கொள்ளப் போனார். அதே வெஸ்லியனில் இருந்தவர் எல். சங்கர். வயலின் வி. லட்சுமிநாராயணாவின் மகன், எல். வைத்தியநாதன், எல். சுப்ரமணியம் ஆகியோரின் தம்பி. யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, 1958 கலவரத்துக்குப் பிறகு குடும்பத்தோடு சென்னை வந்தவர். இவர்களோடு ஜாகிர் ஹுசைன் தபலாவும் விக்கு விநாயகராம் கடமும் சேர, 1975 ஜூலையில் நியூயார்க் பக்கம் ஒரு கல்லூரியில் நடந்த கச்சேரிதான் முதல் ஆல்பமாக வந்தது.

மெக்லாலின் என்ன விட்டுக்கொடுத்தார்? மின்சாரத்தை! தன் பேரும் புகழும் எதில் இருந்ததோ அதைக் கழற்றி வைத்துவிட்டு, சாதா கிடாரில், கமகம் வளைய வேண்டும் என்பதற்காக மெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குழிவாகச் செதுக்கி, தந்திகளுக்கு அடியில் குறுக்காக ஏழு அனுதாபத் தந்திகளும் பூட்டி, சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சத்தத்துக்காக வந்த பழைய ரசிகர்கள் பலருக்கு ஏமாற்றம். சங்கர் என்ன கொடுத்தார்? பக்கவாத்தியம் என்ற நாற்காலியை விட்டு எழுந்து, கூட்டாகப் பாட்டு கட்டக் கற்றுக்கொண்டார். விநாயகராம், கச்சேரியில் கடைசியாக ஐந்து நிமிஷம் கிடைக்கிற கடத்தை நடுநாயகமாக்கினார். ரெண்டு பக்கமும் பற்று, ரெண்டு பக்கமும் வரவு. ஐம்பது வருஷம் கழித்தும் கேட்க முடிகிறது என்றால் காரணம் அதுதான். அதன் பிந்தைய அவதாரத்தில் மாண்டலின் யு. ஸ்ரீனிவாஸ் வந்தார், 2014-ல் 45 வயதில் போய்விட்டார். 2023-ல் சக்தி ‘திஸ் மொமென்ட்’ வெளியிட்டு, 2024-ல் கிராமி வாங்கியது. அதே வருஷ டிசம்பரில் ஜாகிர் ஹுசைனும் மறைந்தார்.

சங்கர் அதோடு நிற்கவில்லை. ராக் உலகத்தின் மகா கிறுக்கர் ஃப்ராங்க் ஸப்பா தயாரிப்பில் 1979-ல் ‘டச் மீ தேர்’ என்று ஒரு ஆல்பம் செய்தார். வயலின் மேதை, தாள மேதை, ரெண்டு பேரும் சேர்ந்தால் வானத்தை வளைக்க வேண்டாமா? எனக்கு அது டேலி ஆகவில்லை. ஸப்பாவின் நக்கல் இருக்கிறது, சங்கரின் விரல் இருக்கிறது, இரண்டும் ஒரே ஆட்டோவில் ஏறிய ரெண்டு சவாரி மாதிரி ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு போகின்றன. பெரிய பேர் இரண்டு சேர்ந்தால் பெரிய இசை வந்துவிடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

*

இப்போது நம் காலத்துக்கு வருவோம்.

பெங்களூரில் 2003 வாக்கில் உருவான அகம் குழுவைத் தெரியாத இளைஞர்கள் குறைவு. பெரும்பாலும் ஐ.டி. வேலை பார்த்துக்கொண்டே வாசித்தவர்கள். 2007-ல் சன் டி.வி.யின் ‘ஊ லலலா’ போட்டியில் ஏ.ஆர். ரஹ்மான் முன்னால் ஜெயித்து வெளிச்சத்துக்கு வந்தார்கள். தங்கள் இசைக்கு அவர்கள் வைத்துக்கொண்ட பேரே ‘கர்நாடிக் ப்ராக்ரஸிவ் ராக்’. 2012-ல் ஒரு ஆல்பம், 2017-ல் இன்னொன்று. பாடகர் ஹரீஷ் சிவராமகிருஷ்ணன் முறையாகப் பாடக் கற்றவர் என்பது முதல் பிர்காவிலேயே தெரிந்துவிடும்.

தியாகராஜரின் ‘பண்டுரீதி’யை அவர்கள் எடுத்தாண்ட விதத்தைக் கேளுங்கள். ஹம்ஸநாதம் ராகம். அதில் காந்தாரம் கிடையாது. மேல்நாட்டு முறைப்படி ஸாவில் மேஜரா மைனரா என்று தீர்மானிப்பதே காந்தாரம்தான். அது இல்லாத ராகத்துக்கு கிடார்க்காரர் என்ன பிடிப்பார்? நான் மேலே சொன்ன பவர் கார்டு, ஸா–பா, கச்சிதமாக உட்கார்ந்துகொள்ளும். ராகமும் கெடாது, ராக்கும் கெடாது. இப்படி ராகத்தின் உள்ளேயே ராக்குக்கு வாசல் இருப்பதைக் கண்டுபிடிப்பதுதான் நிஜமான சந்திப்பு. அகம் நன்றாக இருக்கிற இடங்களெல்லாம் இந்த மாதிரி இடங்கள்தான். தில்லானாவை எடுத்தார்களே, அதுவும் அப்படித்தான். தில்லானாவின் ஜதி ஏற்கெனவே டிரம்ஸ் பாஷைதான், மொழிபெயர்ப்பே தேவையில்லை.

குறை எங்கே? பல நேரம் பாட்டு ஒரு பக்கம் கிருதியாகவும் இன்னொரு பக்கம் ராக்காகவும் மாறி மாறி வருகிறது. சரணம் முடியும், கிடார் பொங்கும். கிடார் அடங்கும், மறுபடி சாகித்யம் வரும். அதாவது கிருதி ஒர்க்கிங் பார்ட்னர், ராக் ஸ்லீப்பிங் பார்ட்னர். அப்புறம் ராக் ஒர்க்கிங் பார்ட்னர், கிருதி தூங்கப் போய்விடும். சத்தம் உச்சத்துக்குப் போகிறபோது குரலின் நுணுக்கமான அசைவுகள் அமுங்கிப்போய், நேரான ஸ்வரம் மட்டும் காதில் விழுகிறது. கேவலம் ஒரு இரைச்சலுக்காக அவ்வளவு நல்ல கமகத்தைப் பலி கொடுப்பானேன் என்று எனக்கு வயிறு எரியும். ஆனால் ‘தியாகராஜரைக் கெடுத்துவிட்டார்கள்’ என்று சபாக்காரர்கள் கோபப்படுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. தீட்சிதர் பேண்டு வாத்தியத்துக்கு எழுதினாரே, அப்போது சங்கராபரணம் கெட்டா போயிற்று? அதே ராகத்தில் ‘அக்ஷயலிங்கவிபோ’ என்று மலை மாதிரி ஒன்றையும் அவர்தான் செய்தார். வீட்டைத் தாங்குகிற தூண் பலமாக இருந்தால் திண்ணையில் யார் வந்து விளையாடினாலும் பயமில்லை.

இன்னொருவர் பிரசன்னா. பழைய வடாற்காடு ஜில்லா ராணிப்பேட்டைக்காரர். நமக்கு ரொம்பப் பக்கம். திருவண்ணாமலையும் 1989 வரை அதே வடாற்காடுதான். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்துவிட்டு, அமெரிக்காவில் பெர்க்லி இசைக் கல்லூரிக்கும் போனவர். கிடாரிலேயே முழு கர்நாடக கச்சேரி செய்கிறவர். 2006-ல் ‘எலக்ட்ரிக் கணேஷா லேண்ட்’ என்று ஜிமி ஹெண்ட்ரிக்ஸுக்கு அஞ்சலியாக ஒரு ஆல்பம் செய்தார். அதில் எனக்குப் பிடித்தது, கர்நாடகமும் ராக்கும் ஒரே ஆளின் ஒரே விரல்களில் இருப்பதுதான். கூட்டு வியாபாரமே இல்லை, தனி முதலாளி! இவர் எங்கே முடித்தார், அவர் எங்கே ஆரம்பித்தார் என்று பிரிக்க முடிவதில்லை.

*

சரி, இதனால் திருவண்ணாமலைக்கு என்ன?

நிறைய இருக்கிறது. ரமணாசிரமம் இருக்கும் செங்கம் ரோட்டில் சாயங்காலம் நடந்தால், கிடார் மாட்டிக்கொண்டு போகிற வெள்ளைக்காரர்களைப் பார்க்கலாம். தேரடிப் பக்கம் வந்தால் தவிலைத் தோளில் மாட்டிக்கொண்டு போகிற நம்மவர்களைப் பார்க்கலாம். ஒரே ஊர். இரண்டு பேருக்கும் நடுவே நடக்கிற தூரம்தான். பரஸ்பரம் ஒரு கும்பிடு கூட இல்லை.

இன்னொரு பக்கம், தமிழ்நாட்டில் எத்தனை கோயில்களில் பூஜை நேரத்துக்கு சுவிட்சைத் தட்டினால் அடிக்கிற மின்சார மேளம் வந்துவிட்டது! முரசு, மணி, ஜால்ரா எல்லாம் மோட்டாரில். டண டண டண டண. ஏழும் இல்லை, எட்டும் இல்லை. அரசு மாவட்ட இசைப் பள்ளிகளில் நாதஸ்வரமும் தவிலும் கற்றுக்கொண்டு வெளியே வருகிற பையன் எங்கே போவான்? கல்யாண சீசனில் நாலு மாசம் வேலை. அதிலும் ‘அண்ணே, சினிமா பாட்டு வாசிங்க’. மீதி நாளில் ஏதாவது ஃப்யூஷன் மேடையில் கூப்பிடுவார்கள். அங்கே அவனுக்கு என்ன வேஷம்? பட்டு வேஷ்டி, நெற்றி நிறைய விபூதி, மேடை ஓரத்தில் புகை நடுவே நிற்க வேண்டும். கிடார்க்காரர் கை காட்டினால் இரண்டு நிமிஷம் இடி மாதிரி வாசித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். ஜனம் விசிலடிக்கும். பாட்டு கட்டினவர்கள் பட்டியலில் அவன் பேர் வருமா? வாத்தியம் வாசித்தவர் என்று கடைசியில் வந்தால் உண்டு.

என் சண்டை இதோடுதான். ஃப்யூஷன்காரர்கள் ப்ராக் ராக்கிலிருந்து கிடார் சத்தத்தை எடுத்துக்கொண்டார்கள், நீளத்தை எடுத்துக்கொண்டார்கள், புகையைக்கூட எடுத்துக்கொண்டார்கள். எடுத்துக்கொள்ள வேண்டிய ஒன்றை விட்டுவிட்டார்கள்: எல்லோருமாகச் சேர்ந்து கட்டுவது. கணக்கு யாருக்குத் தெரியுமோ அவரைப் பக்கவாத்தியமாக வைத்துக்கொண்டு, தெரியாதவர் பாட்டு கட்டிக்கொண்டிருக்கிறார்.

இந்த ஊருக்குப் புதுசா இதெல்லாம்? அருணகிரிநாதர் பிறந்த ஊர் இது. பதினைந்தாம் நூற்றாண்டு மனுஷர். திருப்புகழில் கிடைத்திருப்பவை ஆயிரத்து முந்நூறுக்கு மேல். ஒவ்வொன்றும் ஒரு சந்தம். வார்த்தையே தாளம். ஐந்தும் ஏழும் ஒன்பதும் அடுக்கடுக்காக வந்து, ஒரு நீள வரியை இழுத்துக்கொண்டு போய், தொங்கலில் கொண்டுவந்து பொத்தென்று இறக்குவார். கிங் கிரிம்ஸன்காரர்கள் 1981-ல் செய்த கணக்குக்கு ஐந்நூறு வருஷம் முன்னால், கையில் கிடார் இல்லாமல், வாயாலேயே செய்தவர். கோபுரத்திலிருந்து விழுந்தவரை முருகன் தாங்கிப் பிடித்தான் என்பது கதை. பிடித்ததற்கு உலகம் அடைந்த லாபம், அந்தச் சந்தங்கள். அதை எடுத்து, தவில்காரரும் டிரம்ஸ்காரரும் நாதஸ்வரமும் பேஸ் கிடாரும் ஒரு அறையில் ஒரு வருஷம் உட்கார்ந்தால் என்ன கிடைக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

‘கேட்க நல்லாத்தான் இருக்கு சார், ஒரு வருஷத்துக்கு அவங்களுக்குச் சோறு யார் போடறது?’ என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. காமர்ஸ் கேள்வி. ஒரு நாள் கூத்துக்கு மேடை, லைட், எல்.இ.டி. திரை என்று கொட்டுகிற பணத்தில் ஒரு பகுதியை எடுத்து ஒத்திகைக்குப் போட்டால் போதும் என்பது என் பதில். ஸ்பான்ஸர்கள் புகைக்குக் காசு தருகிறார்கள், அறைக்குத் தருவதில்லை.

கேட்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வரிசை. முதலில் ‘மணி’. ஏழு எண்ணிக்கொண்டே கேளுங்கள். அப்புறம் ‘ஃப்ரேம் பை ஃப்ரேம்’. அடுத்து சக்தியின் முதல் ஆல்பம், கதவைச் சாத்திக்கொண்டு. பிறகு அகத்தின் ‘பண்டுரீதி’. கடைசியாக, யாராவது நல்ல வித்வான்கள் வாசித்த கம்பீரநாட்டை மல்லாரி ஒன்று, தவில் தனியோடு. இந்த வரிசையில் கேட்டால் மல்லாரி புதுசாகக் கேட்கும். எனக்குக் கேட்டது. மின்சார மேளம் வந்த இடத்திலெல்லாம் நாம் எதைத் தொலைத்துக்கொண்டிருக்கிறோம் என்பதும் அப்போதுதான் உறைக்கும்.